தவுடன் கழுத்து மணி

ஜனவரி 2

உரக்கடைக்காரர் இந்த வருசம் காலண்டருக்குப் பதிலா டைரி குடுத்துட்டாரு. எங்கூட்டுக்காரர் வாங்கிட்டு வந்து அட்டாலிப் பரண் மேல போட்டாரு. "குடுத்தான், வாங்கிட்டு வந்தேன்"னாரு. அன்னிக்கு முழுசும் அவரு பேசுனது அவ்வளவுதான். சென்னியப்பன்னு பேரு. புருசன் பேரை வாயால சொல்லறதில்லை, எழுதுனா தப்பில்லைன்னு நினைக்கறேன். வாய்க்குப் பூட்டுப் போட்ட மனுசன். அவருகூடக் குடித்தனம் பண்ணறவளுக்குப் பேசறதுக்கு ஒரு டைரியாச்சும் வேண்டாமா? இந்த மயிலாத்தா எட்டாவது வரைக்கும் படிச்சவளாக்கும். கையெழுத்து இன்னும் கோணலாகலை.

எங்க கொறங்காடு ஒடுக்கமலை அடிவாரத்துல, ஊரை விட்டுத் தள்ளி இருக்கு. முள்ளுவேலி போட்ட மேய்ச்சக்காடு, அதுக்குள்ள ஓட்டுவீடு, ஆட்டுப்பட்டி, ஒரு கெணறு. வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் பழனியப்பனோட காடு. ரெண்டு பட்டி ஆடும் ஒட்டுக்கா மேஞ்சாலும் பொழுதோட மணிச் சத்தத்தை வெச்சுப் பிரிஞ்சு வந்துரும். அவங்க கெடா கழுத்து மணி சட்டியத் தட்டற மாதிரி கேக்கும். எங்களுது வெங்கல மணி. என்னையக் கட்டிக் குடுக்கறப்ப எங்கம்மா வீட்டுல ஒரு கெடா கழுத்துல கட்டிச் சீரா அனுப்புனது. அந்தச் சத்தம் கேட்டா எங்க ஆடுக எங்க இருந்தாலும் தலையத் தூக்கும்.

இன்னிக்குப் புளி கொட்டை எடுத்தேன். பாதி மிச்சம்.

ஜனவரி 9

செவலை நாய் குட்டி போட்டு ஒரு வாரங்கூட ஆகலை. நேத்துப் பேஞ்ச மழையில சோளத்தட்டுப்போருக்கு அடியில தண்ணி எறங்கி அத்தனை குட்டியும் வெறைச்சுப் போச்சு. இவரு எடுத்துட்டுப் போயி வேப்பமரத்தடியில பொதைச்சாரு. செவலை அங்க போயி மண்ணைத் தோண்டித் தோண்டிப் பாக்குது. பால் கட்டிக்கிட்டுச் சோறும் எறங்கலை. பக்கத்துல ஒக்காந்து, "உடு ஆத்தா, நமக்கு வாய்ச்சது இதுதான்"னேன்.

எனக்கு மூணு பொறந்து மூணும் நிக்கலை. அதை இங்க எழுதப் போறதில்லை.

ஜனவரி 15

பட்டிப்பொங்கல். வெடியால எந்திரிச்சுப் புளி போட்டு மணியத் தேச்சேன். வருசத்துக்கு ஒருக்காத் தேய்க்காட்டி களிம்பு ஏறிப் பச்சையாப் போயிரும். தேச்சுக் கழுவிக் கெடா கழுத்துல கட்டுனதும் தங்கமாட்ட மின்னுச்சு. பொங்கல் தின்னு வயிறு ஒரு மாதிரி இருக்குது.

ஜனவரி 18

இவரு பொழுதோட வர்றப்பத் துண்டுக்குள்ள என்னமோ சுத்திக் கொண்டாந்தாரு. கறுப்பா ஒரு குட்டி. கண்ணு இப்பத்தான் தொறந்திருக்கு. "பள்ளத்துல கெடந்துச்சு. நாய்க்குட்டி"ன்னு சொல்லிட்டு என் மொகத்தைப் பாக்காமயே கை கழுவப் போயிட்டாரு.

பாதம் மட்டும் பெருசு. சில நாய்க்கு அப்படி இருக்கும்.

செவலைகிட்ட உட்டேன். மோந்து பாத்து ஒருக்கா உறுமுச்சு. அப்புறம் நக்க ஆரம்பிச்சுருச்சு. குட்டி மூஞ்சியால இடிச்சு இடிச்சு மடியத் தேடிப் புடிச்சுது. நான் அங்கயே ஒக்காந்து அழுதுட்டேன். கருமம், நாய் பால் குடுக்கறதைப் பாத்து எவளாச்சும் அழுவாளா?

எங்க பக்கம் புள்ளை நிக்காத வீட்டுல, பொறந்த புள்ளையப் பக்கத்து வீட்டுக்காரிகிட்டத் தவுட்டுக்கு வித்துருவாங்க. ஒரு மொறம் தவுடு வாங்கிட்டா அது அடுத்தவ புள்ளை, எமன் ஏமாந்து போவான்னு ஒரு கணக்கு. என் மூணாவதுக்கு அதையும் பண்ணிப் பாத்தாச்சு. இன்னிக்கு நான் ஒரு கை தவுடு அள்ளிச் செவலை முன்னால வெச்சேன். "குட்டிய எனக்கு வித்துட்ட, கேட்டுக்க"ன்னேன். அது தவுட்டை நக்கித் தின்னுட்டு வாலை ஆட்டுச்சு. யாவாரம் முடிஞ்சுது. பேரு தவுடன்.

ஜனவரி 21

காட்டிலாகா வாச்சர் நஞ்சுண்டன் வந்தாரு. நல்ல மனுசன், மலையே கதின்னு சுத்தறவரு. மொகம் செத்துப்போயிருந்துச்சு. "அக்கா, பள்ளத்துக்கு மேல திமிலன் ஒண்ணு செத்துக் கெடக்குதுங்க. எவனோ செத்த ஆட்டுல வெசம் வெச்சிருக்கான்"னாரு.

திமிலனைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. ஓநாய்ச் சாதிதான், ஆனாக் கன்னுக்குட்டி ஒசரம். காளைக்குத் திமில் இருக்கற மாதிரி தோளுக்கு மேல முண்டா எழும்பி, அது மேல மயிரு சிலுத்துக்கிட்டு நிக்கும். கொலைக்காது, ஊளையும் உடாது. கன்னைக் காணாத மாடு மாதிரி அடிவயித்துல இருந்து 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் போடும். நான் ரெண்டே தடவைதான் பாத்திருக்கேன், ரெண்டும் எட்டத்துல.

"பொட்டைங்க அக்கா. மடியில பால் இருக்குது. குட்டி எங்கயோ இருக்கோணும். மலையில இன்னும் ஒண்ணோ ரெண்டோதான் மிச்சம். குட்டியக் கண்டா சொல்லுங்க, டவுனுக்குக் கொண்டுபோயி காப்பாத்திருவாங்க."

"எங்க வெச்சு?"

"கூண்டுலதானுங்க. வேற எங்க வெக்கறது?"

"இங்க எங்க செவலை குட்டி ஒண்ணுதான் இருக்குது"ன்னேன். தவுடன் கூடைக்கு அடியில தூங்கிட்டு இருந்தான். நாய்க்குட்டிய அவருக்கு எதுக்குக் காட்டறது? டீ வெச்சுக் குடுத்து அனுப்புனேன். இவரு கட்டில்ல ஒக்காந்து கயிறு திரிச்சுட்டே இருந்தாரு. தலையத் தூக்கலை.

பிப்ரவரி 20

தவுடன் என் முந்தானையப் புடிச்சு இழுத்துக் கிழிச்சுட்டான். ரெண்டு போடு போட்டேன். போய் மூலையில திரும்பி ஒக்காந்துக்கிட்டான். ரோசத்தைப் பாரு! அப்புறம் நானே போயி ஆட்டுப்பால் ஊத்திக் குடுத்தேன்.

இன்னும் கொலைக்கத் தொடங்கலை. ஊமை நாய் இருக்கத்தான் செய்யுது.

மார்ச் 12

பழனியப்பன் பொண்டாட்டி, என் ஓரகத்தி வசந்தி மோர் வாங்க வந்தா. தவுடனைப் பாத்துட்டு வேலிக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டா. "என்னக்கா இது, நாய்ங்கறீங்க, காலைப் பாத்தா உலக்கையாட்ட இருக்குது"ன்னா. நல்ல சாதி நாய்னேன். "வயித்துல ஒண்ணும் தங்காதவிக எதையாச்சும் மடியில போட்டுக்கத்தான் செய்வாங்க"ன்னு முணுமுணுத்துட்டுப் போறா. என் காதுல உழுகோணும்னே சொன்னது.

மோர் குடுக்கலை. புளிச்சுப் போச்சுன்னு சொல்லிட்டேன்.

ஏப்ரல் 3

வெயில் மண்டையப் பொளக்குது. பட்டியில ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவுல தவுடன் படுத்துக் கெடக்கறான். குட்டிக அவன் முதுகு மேல ஏறிக் குதிக்குதுக. ஒருக்காக்கூடப் பல்லைக் காட்டலை. இதைப் பாத்துட்டு எவனாச்சும் சந்தேகப்படுவானா?

மே 25

பழனியப்பன் வந்தாரு. வந்ததும் ஒக்காரலை. என்னைய எப்பவும் அண்ணிங்கற மொறையில நங்கைன்னுதான் கூப்புடுவாரு, மரியாதைக்குக் கொறை வெக்க மாட்டாரு. "நங்கை, நான் சொன்னா வருத்தப்படாதீங்க. அது நாயில்லை. நாளைக்குப் பட்டிக்குள்ள பூந்துச்சுன்னா நான் பன்னிக்கு வெச்சிருக்கற துப்பாக்கியத்தான் எடுக்கோணும்"னாரு.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். நேராப் பட்டிக்குப் போயி கெடா கழுத்துல இருந்து வெங்கல மணிய அவுத்தேன். தோல்வாரைப் பெருசாக்கித் தவுடன் கழுத்துல கட்டுனேன், பழனியப்பன் பாக்கப் பாக்கவே.

இந்தப் பக்கத்துல மணி கட்டுன உசுரு பட்டியோடது. அது மேல ஊரான் கை வெக்க முடியாது. அது பண்ணற சேதாரத்துக்கெல்லாம் கட்டுனவங்கதான் பதில் சொல்லோணும். கட்டுன கைதான் அவுக்கவும் செய்யோணும். அவுத்துட்டா அது யாரோடதும் இல்லை, அதுக்கப்புறம் அதோட பாடு. பழனியப்பன் மணியையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. "சரிங்க நங்கை. இனி நான் தொட மாட்டேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

"கெடாவுக்கு?"ன்னாரு இவரு.

"சந்தையில தகர மணி வாங்கிக்கலாம்"னேன்.

ஜூன் 10

தவுடன் எங்க இருக்கறான்னு இப்பெல்லாம் பாக்கவே வேண்டியதில்லை. அடுப்படியில இருந்தே கேக்குது. ஆடுக அவன் பின்னால சுத்துதுக. தகர மணியக் கட்டுன கெடாவை ஒண்ணும் சட்டை பண்ணறதில்லை. பாவம், கெடாவுக்கு மானமே போச்சு.

ஜூலை 19

தோள்பட்டையில கொஞ்சம் வீங்கியிருக்குது. அடிகிடி பட்டிருக்கும். அது மேல மயிரு வேற சிலுத்துக்கிட்டு நிக்குது. வெளக்கெண்ணெய் காய்ச்சித் தடவிச் சீப்பால படிய வாரி உட்டேன். கண்ணை மூடிக்கிட்டு நல்லா காட்டறான். முடிச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள மறுக்கா எழுந்துருச்சு. இன்னொருக்கா வாருனேன்.

"எத்தனை நாளைக்கு வாருவ?"ன்னாரு இவரு. கட்டில்ல இருந்து எந்திரிக்காமயே. 

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. முளைப்பாரி கொண்டுபோகலை, ஊருக்குள்ள போனா எல்லாரும் என்னத்தையாச்சும் கேப்பாங்க. எண்ணெய்க் குப்பி தீந்து போச்சு.

ஆகஸ்ட் 30

பொழுது உழுகற நேரத்துல தவுடன் வேலிகிட்ட நின்னு மலையப் பாத்து ஒரு சத்தம் போட்டான். 'ம்ம்ம்'னு. எனக்குக் கையில இருந்த சொம்பு நழுவிருச்சு. செவலை வாலை மடக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள ஓடிப்போச்சு, அதோட பாலைக் குடிச்சு வளந்தவன்கிட்ட இருந்து.

சளி புடிச்சிருக்கும். மிளகு அரைச்சுக் குடுக்கோணும்.

செப்டம்பர் 6

மலையில இருந்து ஒண்ணு பதில் சத்தம் போட்டுச்சு.

செப்டம்பர் 7

தவுடன் சோறு திங்கலை.

செப்டம்பர் 9

வெடியாலப் பாத்தாத் தவுடன் இல்லை. வேலி தாண்டிப் போயிருக்கறான். இவரு வேலிக்கு நடுவுல போற இட்டேரித் தடம் முழுக்கத் தேடிட்டு வந்து, "மலைக்குப் போயிட்டான்"னாரு. பசிச்சா வந்துருவான்னேன். அவன் சட்டியில சோத்தை ஊத்தி வெச்சேன். காக்காதான் தின்னுச்சு.

செப்டம்பர் 22

தெக்கால காத்தடிச்சா மலை மேல இருந்து மணிச் சத்தம் கேக்குது. என் மணிதான். எனக்கா தெரியாது? துணி தொவைச்சுட்டு இருந்தவ அப்படியே நின்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்கறான். மணி இருக்கறதால எவனும் சுட மாட்டான். அது போதும்.

அக்டோபர் 8

நஞ்சுண்டன் வந்தாரு. இந்தத் தடவை திண்ணைப் பேச்செல்லாம் பேசலை. "அக்கா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், நீங்களும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்"னு ஆரம்பிச்சாரு. "அந்த மணி கட்டுனது எலும்பும் தோலுமாக் கெடக்குதுங்க. கூட ஒரு பொட்டை இருக்குது. அது புடிக்கறதுல மிச்சத்தைத்தான் இது திங்குது. இது கூட வந்தா அதுக்கும் ஒண்ணும் சிக்கறதில்லை. மான் எட்டத்துல இருக்கறப்பவே மணிச் சத்தம் முன்னால போயிருது. பாவம், நேத்துக் கொளத்துல தவளை புடிச்சுத் தின்னுட்டு இருந்துச்சுங்க."

"நாய்தானுங்க, எதையாச்சும் தின்னுக்கும்"னேன்.

அவரு டீயக் குடிக்காமயே எந்திரிச்சுப் போயிட்டாரு. அவரு போனப்புறம் அந்த டீய நான் கீழ ஊத்துனேன். தவளை. என் தவுடன் தவளை தின்னானாம்.

அக்டோபர் 19

பழனியப்பன் பட்டியில ரெண்டு ஆடு போச்சு. பட்டப்பகல்ல, மேய்ச்சக்காட்டுல.

அவரே வந்து சொன்னாரு, கோவமா இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு. "நங்கை, ஆடுக ஓடவே இல்லைங்க. மணிச் சத்தம் கேட்டதும் தெரிஞ்ச மணின்னு அதுகபாட்டுக்கு அதுகிட்டயே போச்சுக. மோந்து பாத்துட்டு நின்ன ஆட்டைத்தான் அது புடிச்சுது. என் கண்ணு முன்னால. மணி இருக்குதேன்னு நானும் கையக் கட்டிக்கிட்டு நின்னேன்."

இவரு எந்திரிச்சுப் பட்டிக்குப் போயி நல்ல செனையாட்டுல ரெண்டைப் புடிச்சு வேலிக்கு அந்தப் பக்கம் உட்டாரு. பழனியப்பன் வேண்டாங்கலை. "ஆடு இன்னிக்குச் சரியாப் போச்சுங்க. இப்படியே எத்தனை நாளைக்கு? ஒண்ணு, புடிச்சுட்டு வந்து கட்டிப் போடுங்க. இல்லையா, மணிய அவுத்துருங்க"ன்னாரு.

அவுத்தா அவரு சுடலாம். அவுக்காட்டி அவன் பட்டினியாச் சாவான். இல்லை, ஆடு புடிச்சே பொழைப்பான், நாங்க பட்டியக் காலி பண்ணிக்கிட்டே இருக்கோணும். அடுப்பு மூட்டாம ஒக்காந்துட்டேன். இவருதான் பழைய சோத்தைக் கரைச்சுக் குடுத்தாரு.

அக்டோபர் 20

தலைவலி. ஒண்ணும் எழுதப் புடிக்கலை.

நவம்பர் 2

மலைக்குப் போனேன். இவரும் வந்தாரு. பள்ளத்து மேட்டுல, முன்னால அவரு குட்டிய எடுத்த எடத்துக்குப் பக்கத்துல நின்னு, "தவுடா"ன்னு கூப்புட்டேன். இவரு எட்டத்துல பாறை மேல ஒக்காந்துக்கிட்டாரு.

முதல்ல மணிதான் வந்துச்சு. அப்புறம் அவன் வந்தான். ஆத்தா, எப்படி இருந்தவன்! விலா எலும்பை எண்ணலாம். திமில் மட்டும் நிக்குது, அதுக்குக் கீழ ஒடம்பே இல்லை. வந்து என் வயித்துல தலைய முட்டிக்கிட்டு நின்னான். கொண்டுபோன கறியக் குடுத்தேன். மெல்லாம முழுங்குனான். கை நக்குனான்.

தோல்வார் கழுத்துல பதிஞ்சு புண்ணாகியிருந்துச்சு. அவன் வளந்துட்டான், வார் வளரலை. முடிச்சு இறுகிப்போயி நகம் பேந்துச்சு, ஆனா அறுக்க மனசு வரலை. கட்டுன கை அவுக்கோணும்ல. அவுத்தேன். வலிச்சிருக்கும், ஒரு முனகல் முனகுனான், பல்லைக் காட்டலை. புண்ணுக்கு மஞ்சளும் எண்ணெயும் வெச்சேன். மணிய முந்தானையில சுத்திச் சத்தம் வராமப் புடிச்சுக்கிட்டேன்.

"போ சாமி. மான் புடிச்சுத் தின்னு. ஆட்டுப் பக்கம் வந்துராத. என்ன ஆனாலும் வந்துராத"ன்னேன். அவன் கழுத்தை ஒருக்கா உதறுனான். சத்தம் வரலை. மறுக்கா உதறுனான். என்னையப் பாத்தான். அப்புறம் மேட்டுல இருந்து அந்தப் பொட்டை சத்தம் போட்டுச்சு, ஏறிப் போயிட்டான். காலடிச் சத்தங்கூடக் கேக்கலை.

பழனியப்பன்கிட்டப் போயி அவுத்துட்டேன்னு சொன்னேன். சொல்லித்தான் ஆகோணும், மொறை. "மலையில இருக்கற வரைக்கும் நான் அது தெசைக்கே போக மாட்டேனுங்க நங்கை. ஆட்டுக்குள்ள வந்தா மட்டும்..."னு நிறுத்திக்கிட்டாரு. அதுக்கு மேல அவருகிட்ட என்ன கேக்கறது? அவருக்கும் பொழைப்பு ஆடுதான்.

நவம்பர் 17

நஞ்சுண்டன் வேலிக்கு வெளிய நின்னே கத்துனாரு. "அக்கா! மான் அடிச்சிருக்குதுங்க! ரெண்டு சோடிக் காலடி! புண்ணும் ஆறிப்போச்சு!" சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. அவருக்கு ஒப்புட்டு சுட்டுக் குடுத்தேன். நல்லா இருக்கட்டும், மவராசன்.

நவம்பர் 21

வீடு வெறிச்சுன்னு கெடக்குது. பட்டியில தகர மணி 'லொட்டு லொட்டு'ன்னு அடிச்சுக்கிட்டு இருக்கு. அதைக் கேட்டாத் தலைய வலிக்குது.

நவம்பர் 26

ஆணியில மாட்டியிருந்த வெங்கல மணிய எடுத்துப் பாத்தேன். ஓரத்துல களிம்பு ஏற ஆரம்பிச்சுருச்சு. எங்கம்மா வீட்டுச் சீரு. சும்மா கெடந்தா வீணாப் போயிரும்னு தேச்சுக் கெடா கழுத்துல கட்டுனேன். வேற ஒண்ணுமில்லை. ஆடுக எல்லாம் தலையத் தூக்கிப் பாத்துச்சுக.

நவம்பர் 28

இனி ஆட்டை நானே ஓட்டிட்டுப் போறேன்னு இவருகிட்டச் சொல்லிட்டேன். வீட்டுல ஒக்காந்து ஒக்காந்து கால் மரத்துப் போகுது.

டிசம்பர் 1

மலையோரமா ஓட்டிட்டுப் போனேன். அங்கதான் புல்லு இருக்குது.

டிசம்பர் 4

"மலையோரத்துல என்ன புல்லு இருக்குது? வெறும் கல்லுத்தான?"ன்னாரு இவரு. ஒரு மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசற மனுசனுக்கு இதுதான் அகப்பட்டுச்சா? ஆடு இன்னிக்கும் அரைவயிறாத்தான் வந்துச்சு. நாளைக்குக் கொஞ்சம் மேல போயிப் பாக்கோணும்.

டிசம்பர் 9

காச்சல். ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது. நாளைக்கு இவரு ஓட்டிட்டுப் போகட்டும். பழனியப்பனோட சோளக்காடு அறுத்தாச்சு, ரெண்டு பட்டியும் ஒட்டுக்கா அங்க மேயறதாப் பேச்சு. மணிய அவுத்து வெக்கலாமான்னு நினைச்சேன். எந்திரிக்க முடியலை. காட்டுக்குள்ளதான மேயுது, மலை எட்டத்துலதான இருக்குது.

டிசம்பர் 11

நேத்து மத்தியானம். களி கிண்டிட்டு இருந்தேன். ஒரே ஒரு வெடிச் சத்தம்.

களிச் சட்டிய அடுப்புலயே உட்டுட்டு ஓடுனேன். காச்சலும் தெரியலை, முள்ளும் தெரியலை.

சோளக்காட்டு நடுவுல கெடந்தான். மினுமினுன்னு இருந்தான். அஞ்சு வாரத்துல எப்படித் தேறியிருந்தான் தெரியுமா? கழுத்துப் புண்ணு ஆறி அந்த எடத்துல வெள்ளையா மயிரு மொளைச்சிருந்துச்சு. எல்லாம் நல்லா இருந்துச்சு, உசுரு மட்டும் இல்லை. எங்க கெடா ரெண்டடி தள்ளி நின்னு தட்டை மென்னுக்கிட்டு இருந்துச்சு. அது தலைய ஆட்டறப்பெல்லாம் மணி அடிச்சுது.

பழனியப்பன் துப்பாக்கியக் கீழ போட்டுட்டு ஒக்காந்திருந்தாரு. என்னையப் பாத்ததும் ஓன்னு அழுதாரு. "நங்கை, ஒரு ஆட்டைத் திரும்பிப் பாக்கலைங்க. அத்தனை ஆட்டையும் தாண்டி வந்து கெடா கழுத்து மணியத்தான் மோந்துச்சு. மோந்துட்டு என்னையும் அண்ணனையும் சுத்திச் சுத்திப் பாத்துச்சு. யாரையோ தேடற மாதிரி. எனக்கு அது அப்புறந்தான் புரிஞ்சுதுங்க. ஆட்டுக்குள்ள வந்துருச்சேன்னு அதுக்கு முன்னாலயே கை அழுத்திருச்சு." அவரை நான் என்ன சொல்லறது? "உடுங்க, கழுத்துல மணி இல்லையே"ன்னேன். மொறைப்படி அவரு மேல ஒரு தப்பும் இல்லை.

தவுடன் தலைய மடியில வெச்சுக்கிட்டேன். இன்னும் சூடு இருந்துச்சு.

டிசம்பர் 12

நஞ்சுண்டன் ஆளுகளைக் கூட்டிட்டு வந்தாரு. எழுதுனாங்க, அளந்தாங்க, எரிக்கோணும்னாங்க. ஒரு அதிகாரி என்கிட்ட, "இது என்ன விலங்குன்னு தெரியுமாம்மா?"ன்னு கேட்டாரு.

"திமிலன்"னேன். வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "எங்க திமிலன்."

பொழுதோட இவரு என் பக்கத்துல வந்து ஒக்காந்தாரு. "துண்டுல சுத்தறப்பவே எனக்குத் தெரியும்"னாரு. "எனக்கும்தான்"னேன்.  அவரு என் தலையத் தடவிட்டே இருந்தாரு, புள்ளைகளைப் பொதைச்சுட்டு வந்த அன்னிக்கெல்லாம் தடவுன மாதிரி.

டிசம்பர் 14

மலையில அந்தப் பொட்டை கத்துது. பொழுது உழுந்தா ஆரம்பிக்குது. செவலை வீட்டுக்குள்ள ஓடலை இப்ப. வேலிகிட்டப் போயி நின்னு கேக்குது.

டிசம்பர் 15

கெடா கழுத்துல இருந்து மணிய அவுத்து ஆணியில மாட்டிட்டேன். இவரு, "தைக்கு எடுத்துத் தேய்க்கோணுமே, புளி இருக்குதா?"ன்னு கேட்டாரு. தேய்க்கப் போறதில்லைன்னேன். 

இந்த டைரியைப் பின்னால தள்ளிப் பாத்தேன். களிம்பு ஏறிரும்னு மணி கட்டுனேன்னு நவம்பர்ல எழுதியிருக்கறேன். வேற ஒண்ணுமில்லைன்னும் எழுதியிருக்கறேன். அது பொய். அந்தச் சத்தம் கேட்டா அவன் ஒருக்கா எறங்கி வருவான், ஒரே ஒருக்காக் கண்ணுல பாத்துக்கலாம்னுதான் கட்டுனேன். நான்தான் கூப்புட்டேன். எம்புள்ளை வந்துட்டான்.